அம்மா பார்த்த அறுபத்துநாலாம் வருடப் பொருட்காட்சி

என் மகள் பிறந்தபோது ஒத்தாசைக்காக அம்மா ஈரோட்டிலிருந்து தனியாகத்தான் வந்தார். அப்பா வர மறுத்துவிட்டார். "ஆகாசத்துல அத்தன நேரம் உக்கார என்னால ஆகாது" என்று முடித்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் அப்படிப் பிரிந்திருந்ததே இல்லை.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் இருந்த எங்கள் அபார்ட்மென்ட்டில் குழந்தை தூங்கும் நேரமெல்லாம் அம்மா ஜன்னலருகே நின்று கார்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்கூட்டியே காசு கட்டி வாங்கிய காலிங் கார்டு போட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுப்பேன்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

அவ்வளவுதான். ரிசீவர் என் கைக்கு வந்துவிடும். "அந்த மனுசன்கிட்ட மூஞ்சியப் பாக்காம என்னத்தப் பேசறது?" என்பார் அம்மா. "அவரு வாயி ஒண்ணு சொல்லும், மூஞ்சி ஒண்ணு சொல்லும்."

குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் பக்கத்து மாநிலத்தில் குயின்ஸில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். டர்ன்பைக் நெடுஞ்சாலை, பாலம், மறுபடி பாலம் என்று போய்க்கொண்டே இருந்த காரில் அம்மா கண்ணயர்ந்திருந்தார். கோயிலை நெருங்கும்போது விழித்தவர், மரங்களுக்கு மேலே பளபளத்த பெரிய இரும்பு உருண்டையைப் பார்த்துவிட்டார்.

"அது என்ன கண்ணு?"

என் கணவர்தான் பதில் சொன்னார். "உலகப் பொருட்காட்சி நடந்த எடங்க அத்தை. அறுபத்துநாலுல, அறுபத்தஞ்சுல. முடிஞ்சதும் முக்காவாசியப் பிரிச்சுட்டாங்க. அது மட்டும் நிக்குது."

"பொருட்காட்சியா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்மாவுக்குப் பொருட்காட்சி என்றால் உயிர். ஈரோட்டில் எந்த மைதானத்தில் கொட்டகை போட்டாலும் டெல்லி அப்பளத்தைக் கையில் பிடித்தபடி ஒரு கடை விடாமல் பார்ப்பார். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றும்போது நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம், அம்மா மூடியதில்லை. சாமி கும்பிட்டு, கோயில் கேன்டீனில் தோசை தின்ற கையோடு, "அங்க போலாமா மாப்பிள்ளை?" என்றார்.

அந்த உருண்டை பூமியேதான். கண்டங்களையெல்லாம் எஃகுத் தகட்டில் வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். அம்மா அதைச் சுற்றி நடந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து, இந்தியாவைக் கண்டுபிடித்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.

பக்கத்திலிருந்த அருங்காட்சியகத்தில் பொருட்காட்சியின் பழைய படங்களும் சாமான்களும் இருந்தன. விளக்கம் சொல்ல ஓர் அமெரிக்கப் பெண்மணி நின்றிருந்தார். அம்மா வயதுதான் இருக்கும். அந்தப் பொருட்காட்சிக்கு நேரில் போனவர். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ரோமிலிருந்து கப்பலில் வந்த மாதா சிலையை நின்று பார்க்கவே முடியாதாம். நகரும் தரையில் ஏற்றி அப்படியே கடத்திவிடுவார்களாம்.

"திருப்பதில ஜருகண்டின்னு தள்ளற மாதிரி!" என்றார் அம்மா.

அடுத்த படத்தில் ஒரு பெண் சின்னத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியாம். பொருட்காட்சியில் உட்கார்ந்துகொண்டு கலிபோர்னியாவில் இருக்கும் முன்பின் தெரியாதவரோடு பேசலாமாம். அம்மா அந்தப் படத்தை விட்டு நகரவில்லை.

"அப்பவே இருந்துச்சுன்னா, இப்ப எங்க போச்சு? நம்மூட்டுக்கு ஏன் வரல? கேளு."

கேட்டேன். விலை கட்டுப்படியாகவில்லை என்றார் அந்தப் பெண்மணி. தவிர, வீட்டில் தலை வாராமல் இருக்கும் கோலத்தை அடுத்தவர் பார்ப்பதை யாரும் விரும்பவில்லையாம்.

"அடுத்தவங்கன்னாச் சரி. கட்டுனவருக்கு முன்னால என்ன வெக்கம்?" என்றார் அம்மா. நான் அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்து, அடுத்த அறையிலிருந்த தோழியை அழைத்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அம்மா சீக்கிரமே குளித்து, நல்ல சேலை கட்டி, போன் பக்கத்தில் அப்பாவின் போட்டோவைச் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏனுங்க, கூடத்துல என்ற போட்டோ மாட்டியிருக்குதல்ல, அதக் கழட்டிப் போனுகிட்ட வையுங்க. அதப் பாத்துப் பேசுங்க."

"உனக்கென்ன கிறுக்கா புள்ள?"

அதன்பின் நாற்காலி இழுபடும் சத்தம் என் காதுக்கே கேட்டது. எதையோ தட்டிவிட்டார் போலும். ஒருவழியாக, "வெச்சாச்சு, சொல்லு" என்றார்.

அம்மா சொன்னார். உருண்டை, மாதா சிலை, நகரும் தரை, மூஞ்சி தெரியும் போன். கார்டில் காசு தீரப்போகிறது என்று குறுக்கே ஒரு பெண் குரல் சொன்னபோதுதான் மற்றது நினைவு வந்தது.

"மாத்திரை போட்டீங்களா?"

"இன்னைக்கு மறந்துட்டேன்" என்றார் அப்பா. எதிரே சாய்த்து வைத்திருந்த அப்பாவின் போட்டோவையே அம்மா அப்படி முறைத்தார், அவர் நேரில் இருந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதற்கடுத்த வருடம் கோடையில் அப்பாவும் வந்தார். பேத்தியைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் வந்த முதல் சனிக்கிழமையே, "அந்த எக்ஸிபிசன் எங்கம்மா இருக்குது?" என்றார்.

பூங்காவில் அம்மா முன்னே நடந்தார். வெறும் புல்தரையைக் காட்டி, இங்கேதான் மக்கள் வரிசையில் நின்றார்கள், அந்தப் பக்கம் நம் நாட்டுக் கூடாரம், சேலை கட்டிய பெண்கள் வாசலில் நின்று வரவேற்றார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். எந்த இடத்தில் எது இருந்தது என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பாதி ஊகம்தான். நான் குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

"நீ பாத்த மாதிரியே சொல்றியே" என்றார் அப்பா.

"பாத்தவங்க சொன்னாங்க. பேசாம வாங்க, இன்னும் எத்தனையோ இருக்குது."

அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, அடுத்த புல்தரைக்கு அம்மாவின் பின்னாலேயே நடந்தார்.