மணற்காட்டுக்குப் போன ஆரணியின் அறை

சனிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு, கொக்குவிலில் இருக்கிற எங்கள் கராஜுக்குள்ளிருந்து ஒரு படுக்கை அறை ஒழுங்கைக்கு வந்தது. பிள்ளைகளே, பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த அறைக்கு இரண்டு சில்லுகள் இருந்தன. என்னுடைய பழைய வான் முன்னால் நின்று அதை இழுத்தது. உள்ளே கட்டில், நுளம்பு வலை, நீலத் திரைச்சீலை, சின்ன விசிறி எல்லாம் இருந்தன. கட்டிலின் சொந்தக்காரி, என் மகள் ஆரணி, வானில் தாயின் பக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தாள்.

நாங்கள் வெளிக்கிட்டது மணற்காட்டுக்கு. பருத்தித்துறையைத் தாண்டிக் கடற்கரையோரமாகப் போனால், மணல் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிற ஊர் அது. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவில் வரும். நாற்பது கிலோமீற்றர் எல்லாம் ஒரு பயணமோ என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களில் கனபேர் கண்டி, நுவரெலியா என்று சுற்றிவிட்டு வந்திருப்பீர்கள். எங்களுக்கு இது பெரிய பயணம். ஏன் என்று சொல்கிறேன்.

ஆரணிக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஓட்டிசம் இருக்கிறது. அது காய்ச்சல் மாதிரி வந்து போகிற வருத்தம் அல்ல. நீங்களும் நானும் கவனிக்காத சின்னச் சத்தம், சின்ன வெளிச்சம், சின்ன மாற்றம் கூட அவளுக்குப் பெரிதாகத் தெரியும். கதைப்பது குறைவு. தன்னுடைய இடத்தைத் தவிர வேறெங்கும் நித்திரை கொள்ள மாட்டாள். ஒருமுறை சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பார்த்தோம். விடியும்வரை அழுதாள். பிறகு மூன்று நாளாக ஒழுங்கான சாப்பாடு இல்லை. அதற்குப் பிறகு அவளும் தாயும் ஓர் இரவு கூட வெளியில் தங்கியதில்லை.

என் மனைவி செல்விக்கு ஒரே ஒரு தங்கச்சி. மட்டக்களப்பில் இருக்கிறா. அவவுக்கு மகன் பிறந்து ஐந்து மாதமாகிறது. செல்வி அந்தக் குழந்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறா. மட்டக்களப்புக்குப் போய் அன்றைக்கே திரும்பி வர முடியாது. ஆரணியை விட்டுவிட்டுப் போகவும் செல்வியால் முடியாது.

"பிள்ளை அறையை விட்டு வராதெண்டால், அறையைக் கொண்டு போவம்" என்றேன்.

செல்வி சிரித்தா. நான் சிரிக்கவில்லை.

நான் படித்தது பத்தாம் வகுப்புவரைதான். வீடுகளுக்குத் தரைக்கல் பதிப்பது என் தொழில். வாகனம் செய்யப் படித்தவன் அல்ல. அச்சுவேலியில் வெல்டிங் கடை வைத்திருக்கிற றூபன் ஒரு பழைய லாண்ட்மாஸ்ரர் பெட்டியைத் தேடித் தந்தான். சின்ன உழவு இயந்திரத்தில் கொழுவி உரமும் நெல்லும் ஏற்றுகிற இழுவைப் பெட்டி அது. அதன் சட்டத்தையும் சில்லுகளையும் வைத்துக்கொண்டு மேலே எட்டடி நீளம், ஐந்தடி அகலத்தில் பலகைச் சுவர் எழுப்பினேன். வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய சீமெந்தைக் கழுவிப்போட்டு, ஒவ்வொரு பின்னேரமும் கராஜில்தான் நின்றேன். கூரையை இரண்டு தரம் கழற்றிப் பூட்ட வேண்டி வந்தது. முதல் தரம் மழை ஒழுகியது. இரண்டாம் தரம், கராஜ் வாசலை விடக் கூரை உயர்ந்துபோயிருந்தது. அதை வெளியில் இழுக்கப் போகும்போதுதான் கண்டுபிடித்தேன்.

வானுக்குள்ளேயே கட்டிலைப் போட்டிருக்கலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். அந்த வான் காலையில் என்னோடு வேலைக்குப் போகிற வான். காலையில் எழும்பி ஓடிப்போகிற கட்டிலை எந்தப் பிள்ளை தன்னுடைய கட்டில் என்று நம்பும்?

வேலை முடிந்ததும் ஆரணியின் கட்டிலையே தூக்கி உள்ளே வைத்தோம். முதல் இரண்டு கிழமை அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது கிழமை ஒரு நாள் தானாக ஏறிப் படுத்தாள். அதிலிருந்து மூன்று மாதமாகக் கராஜுக்குள் நின்ற அந்தச் சின்ன அறைதான் அவளுடைய அறை. செல்வி கீழே பாய் போட்டுப் படுப்பா.

மணற்காட்டுக்குப் போக முதல் நாள் செல்வி என்னிடம் ஒரு வாக்கு வாங்கினா.

"இஞ்சருங்கோ, ஒரே ஒருக்காத்தான். பிள்ளை அங்கை நித்திரை கொள்ளாட்டி இதை வித்துப்போட வேணும். என்ரை பிள்ளையை வைச்சு நீங்கள் திரும்பத் திரும்பச் சோதிச்சுப் பாக்கேலாது."

"ஓம்" என்றேன்.

வாருங்கள், பயணத்துக்குப் போவோம். உரும்பிராயை ஆறே முக்கால் அளவில் தாண்டினோம். செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் முப்பதுக்கு மேல் ஓடவில்லை. பின்னால் வந்த மினிபஸ் ஹோன் அடித்து அடித்துக் களைத்துப்போய் எங்களை விலத்திக்கொண்டு போனது. நடத்துநர் மிதிபலகையில் நின்று, "ஐயா, வீட்டோடை எங்கை, குடிபெயர்ந்து போறியளோ?" என்று கத்தினான். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஆனால் அவவின் தோள் குலுங்கியதை நான் கண்டேன்.

கோப்பாய், நீர்வேலி, புத்தூர் கடந்து அச்சுவேலியில் நிறுத்தினோம். வானையும் பெட்டியையும் கொழுவியிருக்கிற இடத்தை றூபன் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். கீழே படுத்துத் தட்டிப் பார்த்தான். எழும்பிக் கையைத் துடைத்தான்.

"இரும்பு நிக்கும் அண்ணை. பலகைக்கு நான் பொறுப்பில்லை. அது உங்கடை வித்தை."

"பலகை நிக்குமடா."

"வல்லை வெளியிலை காத்து அடிக்கும். பறந்துபோனால் பருத்தித்துறைக் கடலிலை போய் எடுக்கலாம்" என்றான். பிறகு ஆரணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அம்மாச்சி, உங்கடை வீடு நல்ல பலம், பயப்பிடாதேங்கோ" என்றான். ஆரணி அவனுடைய வெல்டிங் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வல்லை வெளியில் காற்று உண்மையாகவே அடித்தது. இரண்டு பக்கமும் மரம் இல்லை, மதில் இல்லை. வெறும் உவர் நிலமும் நீரும்தான். பெட்டி இடமும் வலமுமாக ஆடியதை ஸ்ரேறிங்கில் உணர்ந்தேன். இருபதுக்குக் குறைத்தேன். பிறகு பத்துக்கு. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். பாலம் தாண்டி நெல்லியடி வீடுகளைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

பத்து மணியளவில் மணற்காடு. அங்கே மரியதாஸ் அண்ணை என்ற கடற்தொழிலாளி இருக்கிறார். போன வருடம் அவருடைய வீட்டுக்குத் தரைக்கல் பதித்தது நான்தான். வீட்டுக்குப் பின்னால், சவுக்கு மரங்களுக்குக் கீழே நிறுத்த விட்டிருந்தார். எங்களைக் கண்டதும் கிழிந்த வலையைப் பொத்துவதை விட்டுவிட்டு எழும்பி வந்தார். பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"உது என்னடாப்பா, கோயில் திருநாளிலை இழுக்கிற கூண்டு மாதிரிக் கிடக்கு, மாதா சொரூபம்தான் இல்லை" என்றார்.

பிள்ளைகளே, மணற்காட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே மணல் வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம். காற்று அதைக் கோடு கோடாக வரைந்து வைத்திருக்கும். பழைய தேவாலயம் ஒன்று பாதி மணலுக்குள் புதைந்து, சுவர்கள் மட்டும் வெளியில் தெரிய நிற்கிறது. குன்றில் ஏறினால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் சவுக்கங்காடு. சவுக்கங்காட்டுக்குள் காற்றுப் போகும்போது, கண்ணை மூடினால் அதுவும் கடல் மாதிரித்தான் கேட்கும்.

ஆரணி காதிலிருந்து கையை எடுத்தாள். மணலில் இருந்தாள். ஒரு கை நிறைய அள்ளி மற்றக் கைக்கு ஊற்றினாள். மத்தியானம் வரை அதைத்தான் செய்தாள். சாப்பிட்ட பிறகும் அதைத்தான். அவளுக்குப் பக்கத்தில் இருந்து நானும் கொஞ்ச நேரம் ஊற்றிப் பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தது.

நான்கு மணிக்கு என் வேலையைத் தொடங்கினேன். பெட்டியை வானிலிருந்து கழற்றி, சில்லுகளுக்கு அடை வைத்து, முன்பக்கத்து இரும்புக் காலுக்குக் கீழே இரண்டு சீமெந்துக் கல்லை வைத்தேன். நீர்மட்டத்தை எடுத்தேன். குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி என்று காட்டுகிற கருவி அது. என்னுடைய பிழைப்பே அந்தக் குமிழிதான். மணலில் மட்டம் வைப்பது லேசு அல்ல. ஒரு பக்கம் இறங்கும், தோண்டி நிரப்ப மற்றப் பக்கம் இறங்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போராடினேன். கடைசியில் குமிழி நட்ட நடுவில் வந்து நின்றது. மரியதாஸ் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஓமடா, நீ மேசன்தான்" என்றார்.

இருட்டி ஏழரை போல ஆரணி தானாக ஏறிப் படுத்தாள். செல்வி என்னைப் பார்த்தா. நான் நெஞ்சுக்குள் ஒரு பெருமையோடு வெளியில் மணலில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆரணி எழும்பி இருந்தாள். படுத்தாள். திரும்ப எழும்பினாள்.

"வீட்டை" என்றாள். வீட்டுக்குப் போவோம் என்று அர்த்தம்.

விசிறியைக் கூட்டினோம், குறைத்தோம். திரைச்சீலையை இழுத்துவிட்டோம். செல்வி அவளுடைய காலைத் தடவினா. ஆரணி கட்டில் சட்டத்தைக் கையால் அடிக்கத் தொடங்கினாள். "வீட்டை. வீட்டை." அந்தக் குரல் எங்கே போய் முடியும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

செல்வி வாசலுக்கு வந்தா. கண் கலங்கியிருந்தது.

"போதும். வானோடை கொழுவுங்கோ. போவம்."

"பத்து நிமிசம் தாரும்."

"பத்து நிமிசத்திலை என்ன செய்யப் போறியள்? எல்லாம் செய்து பாத்தாச்சுத்தானே. அதே கட்டில், அதே தலாணி, அதே வெளிச்சம்..."

"அதே எண்டால் பிள்ளை ஏன் அழுகுது? என்னவோ ஒண்டு வித்தியாசம். அதைப் பிடிக்காமல் நான் இந்த இடத்தை விட்டு வரமாட்டன்."

உள்ளே ஆரணி கட்டிலால் இறங்கித் தரையில் இருந்தாள். தன்னுடைய றப்பர் பந்தை எடுத்துத் தரையில் வைத்தாள். பந்து அப்படியே நின்றது. எடுத்துத் திரும்ப வைத்தாள். நின்றது. விரலால் தள்ளினாள். கொஞ்சம் போய் நின்றது. பந்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகை கூடியது.

செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றா.

"இஞ்சருங்கோ... அங்கை பந்து தானாப் போகும்."

"எங்கை?"

"கராஜிலை. ஒவ்வொரு நாளும் படுக்க முதல் பந்தை வைப்பாள். அது உருண்டு கால்மாட்டுச் சுவரிலை போய் முட்டும். பிறகுதான் படுப்பாள். விளையாட்டாக்கும் எண்டு நான் கணக்கெடுக்கேல்லை."

எங்கள் கராஜின் தரையைப் போட்டவன் நான். மழைத்தண்ணீர் உள்ளே தேங்காமல் ஒழுங்கைக்கு ஓட வேண்டும் என்று வாசல் பக்கம் இரண்டு அங்குலம் சரித்துத்தான் போட்டேன். யாழ்ப்பாணத்தில் எந்தக் கராஜ் தரையும் அப்படித்தான் இருக்கும். அந்தச் சரிவில் நின்றபடியே, முன்பக்கம் வாசலைப் பார்க்கப் பெட்டியைக் கட்டினேன்; ஆரணியின் கால்மாடும் அந்த முன்பக்கம்தான். அந்தச் சரிவில்தான் அவள் மூன்று மாதம் தலை உயர, கால் பதியப் படுத்தாள். இங்கே கொண்டுவந்து, நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதை மட்டமாக்கி வைத்திருக்கிறேன்!

"மரியதாஸ் அண்ணை!" என்று கத்தினேன். மனுசன் ஏதோ விபத்து என்று நினைத்து ஓடி வந்தார்.

"முன்பக்கத்தைத் தூக்கிப் பிடியுங்கோ. ஒரு கல்லை எடுக்க வேணும்."

"ஏன், மட்டம் சரிதானே? நானே பாத்தனான்."

"மட்டம்தான் பிழை அண்ணை. சரிக்க வேணும்."

"டேய், என்ரை குசினித் தரையிலை ஒரு முட்டை உருண்டாலும் கூலி வேண்டாம் எண்டு நெஞ்சை நிமித்தினவன் நீ. இப்ப சரிக்கச் சொல்லுறாய்!" என்று சொல்லிக்கொண்டே பிடித்துத் தூக்கினார். நான் ஒரு கல்லை இழுத்து எடுத்தேன். "மெதுவா, மெதுவா" என்று செல்வி உள்ளே இருந்து சொன்னா. முன்பக்கம் இறங்கி மணலில் அழுந்தி நின்றது.

மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். ஆரணி பந்தை வைத்தாள். அது யோசிப்பது மாதிரி ஒரு கணம் நின்றுவிட்டு, மெல்ல உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அவள் ஏறிப் படுத்தாள். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சுச் சத்தம் மாறியது.

மரியதாஸ் அண்ணை சிலுவை அடையாளம் போட்டுவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்.

மற்ற நாள் காலை ஆரணி வழக்கமான நேரத்துக்குத்தான் எழும்பினாள். முகத்தைக் கூடக் கழுவாமல் மணலுக்குப் போய்விட்டாள். செல்விதான் கண் சிவந்து இருந்தா. இரவெல்லாம் பிள்ளை நித்திரை கொள்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தாவாம்.

வெயில் ஏற முதல் வெளிக்கிட்டோம். மணற்காட்டையும் எங்கள் வீட்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னால், பிள்ளைகளே, எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இத்தனை வருடம் எத்தனையோ வீடுகளில் குமிழியைப் பார்த்து, இதுதான் சரி, இதுதான் பிழை என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு எது சரி என்று அறிய, அந்தப் பிள்ளை படுத்திருக்கிற இடத்தில் நானும் ஒருக்காப் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்களும் உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை அழுதால், ஏன் அழுகிறாய் என்று அதட்டாதேயுங்கள். கொஞ்சம் பக்கத்தில் இருந்து பாருங்கள். காரணம் இருக்கும்.

வல்லைப் பாலத்தைத் தாண்டும்போது செல்வி போனை எடுத்துத் தங்கச்சிக்கு அழைத்தா. மற்றப் பக்கம் குழந்தை கத்துகிற சத்தம் எனக்கும் கேட்டது.

"இஞ்சை கேள், உங்கடை வீட்டு முற்றம் எந்தப் பக்கம் சரிவு?" என்று கேட்டா செல்வி.

"என்னக்கா கேக்கிறாய்? பிள்ளைக்கு முதல் பல் வருதெண்டு சொல்ல வாறன், நீ முற்றத்தைக் கேக்கிறாய்!"

"பல்லை நான் வந்து பாக்கிறன். முற்றத்தைச் சொல்லு முதல்."