சதய நட்சத்திரமும் அரக்கு முத்திரையும்

சுந்தரேசன் காவல் காத்த கம்ப்யூட்டர்களை எமன்கூட அனுமதிச் சீட்டில்லாமல் தொட முடியாது. ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் அவர் சிஸ்டம்ஸ் அதிகாரி. பென் டிரைவ் வழியாக வைரஸ் வருகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, நூற்றுப்பத்துக் கம்ப்யூட்டர்களின் துளைகளிலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்திவிட்டார். மூன்று கம்ப்யூட்டர்கள் உயிரை விட்டன. அவற்றிலும் வைரஸ் புகவில்லை என்று அறிக்கையில் பெருமையோடு குறிப்பிட்டார்.

வீட்டிலும் அதே கட்டுக்காவல்தான். மகள் ஹம்ஸினியின் ஈமெயிலுக்கு, கடவுச்சொல் மறந்தால் கேட்கப்படும் ரகசியக் கேள்வியை அவரே தேர்ந்தெடுத்தார்: உன் நட்சத்திரம் என்ன? பதில், சதயம். எந்தத் திருடன் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத் திருடப்போகிறான்? அந்தக் கேள்வியும் பலிக்காவிட்டால் புதுக் கடவுச்சொல் வந்து சேரும் மாற்று முகவரியாக, தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டுமே திறக்கும் தம் அலுவலக ஈமெயிலைக் கொடுத்தார்.

பிறகு வரன் தேடும் படலத்தில் அறுபத்திரண்டு வீடுகளுக்கு மகளின் ஜாதகத்தை அனுப்பினார். மேலே ஈமெயில் முகவரி. அதற்கு நேர் கீழே நட்சத்திரம்.

2009இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹம்ஸினியின் ஈமெயில் திறக்கவில்லை. யாரோ சதயம் என்று எழுதிக் கடவுச்சொல்லையும் ரகசியக் கேள்வியையும் மாற்றியிருந்தார்கள். வேலைகள் ஆவியாகிக்கொண்டிருந்த வருஷம் அது. பத்து மாதம் அலைந்து அவளுக்குக் கிடைத்த வேலைக்கு, அன்று மாலை ஐந்து மணிக்குள் அதே ஈமெயிலிலிருந்து சம்மதம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கம்பெனியில் போனை எடுப்பாரில்லை.

இனி மீட்க ஒரே வழி அந்த அலுவலக ஈமெயில்தான். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை பஸ் கிடையாது. செகந்திராபாத்திலிருந்து ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி, நாலு மணிக்குச் சுந்தரேசன் தொழிற்சாலை வாசலில் இறங்கினார். காவலர் கிரி எழுந்து சல்யூட் அடித்தான்; கதவைத் திறக்கவில்லை. விடுமுறை நாளில் உள்ளே போகச் சிஸ்டம்ஸ் அதிகாரி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். சுந்தரேசன் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

"நக்கோ சார், முடியாது. கையெழுத்துப் போடறவரும் உள்ள போறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. ஏழாவது பாரா, நீங்க எழுதினது."

"என் பொண்ணோட வேலை, கிரி."

"ஹவ் சார், ஆமா, புரியுது. போன மாசம் அக்கவுண்ட்ஸ் சார் அழுதாரு, அப்பவும் நான் விடலை. நீங்கதான் ஷாபாஷ் சொன்னீங்க."

அவருக்காகக் கையெழுத்திடக்கூடிய ஒரே மேலதிகாரி சந்திரசேகரன், திருப்பதியில் செல்போனை ஒப்படைத்துவிட்டுத் தரிசன வரிசையில் நின்றிருந்தார். சுந்தரேசன் பதினேழு முறை அழைத்தார். பெருமாளாவது எடுத்திருக்கலாம்.

கிரி தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அதில் உட்கார்ந்தால் கம்பிகளுக்கு அப்பால் அவருடைய அறையின் ஜன்னல் தெரிந்தது. நாலு ஐம்பதுக்கு ஹம்ஸினி போன் செய்தாள்.

"உள்ள போயிட்டியாப்பா?"

போனை வைத்துவிட்டு, அவர் பதினெட்டாவது முறையாகச் சந்திரசேகரனை அழைத்தார். ஐந்து மணிக்கு அவள் போன் செய்யவில்லை.

திங்கள் காலை அலுவலகத்தில், இரண்டே நிமிடத்தில் ஈமெயில் கைக்கு வந்தது. முதல் கடிதத்தில், வேறொருவரை எடுத்துக்கொண்டதாக அந்தக் கம்பெனி மிகுந்த மரியாதையோடு தெரிவித்திருந்தது.

அன்று மாலை இன்னொரு வீட்டிலிருந்து ஜாதகம் கேட்டார்கள். சுந்தரேசன் ஒரு பிரதியை எடுத்து, நட்சத்திரத்தின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தி மனைவியிடம் கொடுத்தார்.

திரிபுரசுந்தரி திகைத்தாள். "நட்சத்திரம் இல்லாம அவா எதை வெச்சுண்டு பொருத்தம் பார்ப்பா?"

"அனுமதிச் சீட்டோட வரட்டும்," என்றார்.

ஹம்ஸினி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். வேலை கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களின் அடியில் அதை வைத்துவிட்டு, இன்னொரு விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து டைப் செய்யத் தொடங்கினாள்.