ஷோகேஸுக்குப் போன டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெரியவர் என்னிடம் வந்து, ஒரு காபி டம்ளரில் பாடகரின் கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்.

கையில் மார்க்கர் பேனா. தலையில் மங்க்கி கேப் — கொல்கத்தாவில் லேசாகக் காற்று வீசினாலே எல்லாத் தலைகளிலும் முளைக்குமே, அந்தக் கம்பளிக் குல்லா.

சிரிக்கத் தோன்றவில்லை. அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

கொல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் தமிழ்ச் சபாவின் சங்கீத விழா, குளிர்காலத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடக்கும். காபி மேஜை என் பொறுப்பு. மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசு என்றால் நழுவிவிடுவேன். மேஜைக்குப் பின்னால் என்றால் நாள் முழுக்க நிற்பேன்.

இத்தனை வருடமும் பேப்பர் கப்தான். பேர்தான் பேப்பர் ஆயிற்றே, மக்கிவிடும் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். போன வருடம் விழா முடிந்த மறுநாள், ஹாலைப் பெருக்கும் மாலதி மாஷி ஒரு கப்பைக் கிழித்து, உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். மெல்லிசாக ஒரு பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. (பெங்காலியில் மாஷி என்றால் சித்தி; அவருக்கு நான் பௌதி, அதாவது அண்ணி.)

"பாருங்க பௌதி. எரிச்சா நாறுது, புதைச்சா மக்கல. மழைக்காலத்துல எங்க ரயில் லைன் ஓரத்துச் சாக்கடையை அடைக்கிறது இதுதான். இந்தத் தடவை கட்டில் கால் முங்குற அளவுக்குத் தண்ணி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மழை பெய்தது என்பது போலச் சொன்னார். சுற்றிலும் மூட்டை மூட்டையாகக் கப்புகள்... எல்லாம் என் மேஜையிலிருந்து போனவை. அப்போதும் அவருக்கு நான் காபி நீட்டியது பேப்பர் கப்பில்தான்!

ஐந்து நிமிடக் காபிக்கு இத்தனை ஆயுசுள்ள கப் எதற்கு?

மண் குவளை இருக்கிறதே என்பீர்கள். டீக்கு அமிர்தம். ஆனால் டிகாக்‌ஷன்? ருசி பார்த்த எங்கள் கமலா மாமி, "முதல் வாய் மண்ணு, ரெண்டாவது வாய்தான்டி காபி" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். தவிர, அதுவும் ஒரு தடவை குடித்துத் தூக்கிப் போடுவதுதானே?

கடைசியில் வீடு வீடாகப் போனேன். வீட்டுக்கு ஆறு எவர்சில்வர் டம்ளர் இரவல். நம்மவர்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் உண்டா? அதனால் கலந்து போனாலும் பிரித்துவிடலாம். கமலா மாமி கொடுத்ததில் அவர் பெயர், மறைந்த மாமாவின் பெயர், கல்யாணத் தேதி எல்லாம் சுற்றிவர வெட்டியிருந்தது.

"ஆறு தரேன். ஆறும் ஆத்துக்கு வரணும். அவர் வாங்கினது."

செயலாளர் விஸ்வநாதன் சார், பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். "சனிக்கிழமை ஒரு நாள் டிரையல். ஒரு டம்ளர் குறைஞ்சாலும் ஞாயித்துக்கிழமை பேப்பர் கப்தான்மா. அடுத்த வருஷமும்தான்" என்றார். அவர் வீட்டு டம்ளர் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை அமோகம். ஆலாபனை நடுவே ஒரு டம்ளர் கை நழுவி, கடைசி வரிசையிலிருந்து மேடை வரை உருண்டு வந்தது. பாடகர் கண்ணைத் திறந்தார். "டம்ளர் ஸ்ருதி கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார். ஹாலே சிரித்தது.

கச்சேரி முடிந்து கழுவித் துடைத்து அடுக்கினேன். கமலா மாமியின் டம்ளர் ஐந்துதான் இருந்தது.

நாற்காலிக்கு அடியில், வாஷ்பேசினில், மேடைக்குப் பின்னால்... எங்கும் இல்லை. மாமியிடம் சொன்னேன். "சரி, விடு" என்றார். ஆனால் அந்த ஐந்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விஸ்வநாதன் சார் எல்லா டம்ளரையும் இன்னொரு தடவை எண்ணிவிட்டுப் போனார். ஞாயிறு காலை என் மேஜை மேல் பேப்பர் கப் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் மங்க்கி கேப் பெரியவர் வந்தார். பெங்காலிக்காரர். வருடம் தவறாமல் நம் சங்கீதம் கேட்க வருபவர். செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்தார்.

"பௌதி, நேத்து நீங்க குடுத்த மெமெண்டோ பிரமாதம்! ஷோகேஸ்ல நடுவுல வெச்சிருந்தேன். பேரு, தேதி எல்லாம் வெட்டியிருக்கே, இது பாடகர் பேருதானே? இதுல அவர் கையெழுத்தும் வாங்கித் தர முடியுமா? என் மனைவிக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

அவர் மேல் என்ன தப்பு? காபி டம்ளரில் யாராவது பெயரும் தேதியும் வெட்டுவார்களா — நம்மைத் தவிர?

விஷயத்தை நான் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினார். கமலா மாமி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. "எங்க கல்யாணத்தை ஷோகேஸ்ல வெச்சுட்டாரா! முதல்ல அவருக்கு அதுலயே காபி குடுடி. குடிச்சுட்டுத் தரட்டும்."

நான் செயலாளர் பக்கம் திரும்பினேன். "சார்... ஆறும் வந்துடுத்து."

அவர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். மங்க்கி கேப் பெரியவர் ஆற்றி ஆற்றிக் குடிப்பதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரை மணியில் அவர் வீட்டிலிருந்து ஒரு பை வந்தது. பெட்டி பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போனது.

அன்று மாலை மாலதி மாஷி கையில் ஒரே ஒரு மூட்டை. அதுவும் பாதிதான். தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா பௌதி?" என்றார். சூடாகக் காபியை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யார் பேரு?"

படித்தேன். விஸ்வநாதன் சார்.

"குடிச்சுட்டு மறக்காம குடுத்துடுங்க மாஷி. அவர் எண்ணுவார்!"