ரெஜினோல்ட் பாஸின் இடது காது

கஹவத்தையில் கராஜ் வைத்திருக்கும் ரெஜினோல்ட் பாஸுக்கு வாய் நீளம். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான், ஆனால் லொறிக்காரன் சிங்களத்தில் திட்டினால் சிங்களத்திலேயே இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் கொஞ்ச நாளாக வாயே திறக்கவில்லை. காரணம், இடது காது அடைத்துப்போயிருந்தது.

அந்தக் காதுதானே அவருக்குச் சோறு போட்டது! பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் என்ஜின் ஒன்று, பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் கார்புரேட்டர் இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார் இருமும். பாஸ் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, 'உஸ்'ஸென்ற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே ஸ்குரூவைத் திருகுவார். இரண்டு சத்தமும் ஒன்றானால் வேலை முடிந்தது.

காது போய்விட்டது என்று தெரிந்தால் எவன் காரைக் கொண்டுவருவான்? அந்தப் பயத்தில் மனைவி தெரேசம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை. அவள் பூசைக்குப் போன நேரம் பார்த்துத் தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, சின்னப் போத்தலில் ஊற்றிக் கராஜில் ஒளித்துவைத்தார். ஆள் இல்லாதபோது காதில் விட்டுக்கொள்வார்.

அப்போதுதான் மலைமேல் இருக்கும் றக்வானையிலிருந்து கிருஷ்ணகுமார் சார் தன் இரண்டு சீட் காரைக் கொண்டுவந்தார். பாஸ் பழக்கமில்லாத வலது காதில் குழாயை வைத்துத் தட்டுத்தடுமாறி முடித்தார். கடைசியாகக் கார்புரேட்டர் மூடிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்னப் பிஸ்டன்கள் அளவோடு ஏறி இறங்குவதற்காகக் கொஞ்சம் எண்ணெயும் விட்டு அனுப்பினார்.

மறுநாள் காலையில் போன். "பாஸ், மிதிச்சா திக்குது. இழுக்கவே மாட்டேங்குது."

வெயில் ஏறிய பிறகு கார் கஹவத்தைக்கு இறங்கி வந்தது. பாஸ் ஓட்டிப் பார்த்தால் தங்கமாக ஓடுகிறது. அடுத்த நாள் காலை மறுபடியும் அதே போன். காது பொய் சொல்கிறது, கராஜை மூட வேண்டியதுதான் என்றே பாஸ் நினைத்துவிட்டார்.

எதற்கும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று முதல் பஸ் ஏறி றக்வானைக்குப் போனார். மலைக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் பல் தந்தியடித்தது. கார்புரேட்டருக்குள் விரலை விட்டுப் பிஸ்டனைத் தூக்கினார். ஒன்று சுலபமாக ஏறியது, மற்றது அசைய மறுத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது.

கிருஷ்ணகுமார் குனிந்து மோந்து பார்த்தார். "என்னா பாஸ், பூண்டு வாசம் வருது?"

அட கடவுளே! இரண்டாவது கார்புரேட்டருக்கு விடும்போது எண்ணெய்ப் போத்தல் மாறிப்போயிருந்தது. கடைக்காரன் கலப்பட எண்ணெய் குடுத்துட்டான் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. பாஸ் அதை விழுங்கிவிட்டு, "அது என் காதுக்குக் காய்ச்சினதுங்க சார்" என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

சார் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு, "அப்ப வலது காதுலதான் டியூன் பண்ணீங்களா? பகல்ல நல்லாத்தானே ஓடுது. எண்ணெதானே பிழை, காது இல்லியே?" என்றார். பாஸுக்கு உயிர் திரும்பி வந்தது. எண்ணெயைத் துடைத்து மாற்றியதும் கார் குளிரிலேயே சீறியது.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போய்த் தெரேசம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். பூண்டு கதைக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"படுக்கையில நான் உங்க இடது பக்கந்தானே படுக்கிறேன்," என்றாள். "எத்தன ராத்திரி பேசிப் பேசிப் பாத்தேன். பதிலே இல்ல. என்னையப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சு, அப்புறம் பேசுறதையே விட்டுட்டேன்."

கராஜ் போய்விடுமோ என்று பயந்தபோதுகூட பாஸுக்கு இப்படி வலிக்கவில்லை. எழுந்து நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்தி, வலது காதைக் காட்டி உட்கார்ந்தார்.

"என்னென்ன சொன்ன?" என்றார். "மொதல்ல இருந்து சொல்லு."