விழுப்புரத்தில் வண்டி மாறிய நாட்கள்

பண்ருட்டியில் எனக்கு வேலை கிடைத்தபோது தொண்ணூறுகள் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் வேலையை விடுவதற்கில்லை. நான் விட்டால் அவள் என்னை விட்டுவிடுவாள். அதனால் தினமும் ரயிலில் போய் வருவது என்று முடிவானது. பஸ்ஸில் போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பஸ் ஏறி அரை மணி நேரத்தில் எனக்கு வயிற்றைப் புரட்டும். பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூருக்குப் போனபோதே, பஸ்ஸை விட்டு இறங்கிய என் முகத்தைப் பார்த்து, மாப்பிள்ளைக்குக் கூச்ச சுபாவம் என்று அவர்கள் வீட்டில் நினைத்துக்கொண்டார்களாம்.

ரயிலில் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் பாசஞ்சர். விழுப்புரம், பண்ருட்டி வழியாகக் கடலூருக்குப் போகும். ஏறி உட்கார்ந்தால் எட்டரை மணிக்குப் பண்ருட்டியில் இறங்கிவிடலாம். இன்னொன்று, ஆறு மணிக்குக் கிளம்பி விழுப்புரத்தோடு நின்றுவிடும் வண்டி. எட்டேகாலுக்கு அங்கே இறங்கி, மேம்பாலம் ஏறி, அடுத்த பிளாட்பாரத்தில் எட்டரைக்குக் கிளம்பும் வண்டியைப் பிடித்தால் ஒன்பதேகாலுக்குப் பண்ருட்டி. மாலையில் திரும்பி வர ஒரே வண்டிதான் என்பதால் அதில் என் புத்திசாலித்தனத்துக்கு வேலையில்லை.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டவர்களிடம் எல்லாம் இதற்கு விஞ்ஞானபூர்வமான காரணங்கள் சொன்னேன். நேர் வண்டி சிங்கிள் லைனில் எதிர் வண்டிக்காக எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் கிரிவலம் முடித்தவர்கள் அதில் நடைபாதை வரை படுத்துக் கிடப்பார்கள். அலுவலகம் பத்து மணிக்கு, எட்டரைக்கே போய் யார் முகத்தில் முழிப்பது? ஒரு நோட்டில் கோடு போட்டு, இரண்டு வண்டிகளின் நேரத்தையும் எழுதி, வீட்டுக்கு வந்தவர்களிடம் காட்டியதுகூட உண்டு. உண்மையான காரணம் அந்த நோட்டில் இல்லை. நேர் வண்டிக்கு நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். என்னால் முடியாது. அவ்வளவுதான்.

முதல் மாதத்திலேயே விழுப்புரத்தில் ஐந்து முறை வண்டியைத் தவறவிட்டேன். பிறகு தேறிவிட்டேன். மேம்பாலப் படிக்கட்டுக்கு நேராக எந்தப் பெட்டி நிற்கும் என்று கண்டுபிடித்து, அதிலேயே ஏறினேன். விழுப்புரத்துக்கு முன்னால் வரும் வெங்கடேசபுரம் தாண்டியதும் வாசலுக்கு வந்துவிடுவேன். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து, டிபன் பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவேன். என்னைப்போல ஓடுகிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது, மூச்சிரைப்பு தெரியும்.

ஒருநாள் அப்படி ஓடும்போது இடது கால் செருப்பு கழன்று, மேம்பாலத்திலிருந்து தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. செருப்பா, வண்டியா என்று யோசிக்க நேரமில்லை. வலது செருப்பையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏறிவிட்டேன். அன்று காலை முழுக்க மேஜைக்கு அடியில் காலை ஒளித்துக்கொண்டு வேலை பார்த்தேன். மத்தியானம் அதிகாரி கூப்பிட்டார். பைலோடு போய் நின்றேன். அவர் என் பாதங்களைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

"சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன் சார்."

"சித்திரையிலயா?"

பைலைத் திறந்து காட்டினேன். கழுத்தில் மாலை இல்லை என்பதையும், காலையில்தான் முகச்சவரம் செய்திருந்தேன் என்பதையும் அவர் கவனித்திருப்பார். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இவ்வளவு நடந்தும் என் வழிதான் சிறந்த வழி என்று எல்லோரிடமும் சாதித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவுக்கு வந்தது.

என் மனைவியின் தங்கைக்குப் பண்ருட்டியில் ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் போட்டோ பிடித்திருந்தது. அவருடைய வீட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை மாலையே மாமனாரும் அத்தையும் கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மாமனார் மணிலா, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். மழையைத் தவிர வேறு யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாதவர்.

"காலையில எந்த வண்டி மாப்ளே?" என்று கேட்டார்.

"ஆறு மணி வண்டிங்க மாமா. விழுப்புரத்துல மாறிக்கலாம். ஒம்பதேகாலுக்கெல்லாம் பண்ருட்டி."

"அஞ்சு மணிக்கு நேரா போற வண்டி ஒன்னு இருக்குதாமே. ஏறி உக்காந்தா அங்க போயிதான் எறங்கணும்னு சொன்னாங்க."

"அதுல கூட்டம் ஜாஸ்திங்க மாமா. அத்தைக்கு உக்கார எடம் கெடைக்காது. அதுவும் எங்கனா நின்னுடும். நம்ம வண்டியில தொந்தரவு கம்மி."

அவர் சமாதானம் ஆகவில்லை. "பத்து மணிக்குள்ள வந்துடறோம்னு சொல்லியிருக்கேன்."

"அப்பா, அவரு தெனம் போறவரு. அவருக்குத் தெரியாதா? விடுங்க" என்றாள் என் மனைவி. என்மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை இருந்த கடைசி ராத்திரி அது.

காலையில் எல்லாம் சரியாகவே நடந்தது. ஆறு மணி வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. நாலு பேருக்கும் இடம் கிடைத்தது. எட்டேகாலுக்கு விழுப்புரம். அத்தையையும் ஓடவைக்க வேண்டுமே என்று கவலைப்பட்டேன். பூ, பழம், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தைத் துணி போட்டு மூடி மாமனார் தூக்கிக்கொண்டார். மேம்பாலம் ஏறி இறங்கியபோது பிளாட்பாரத்தில் வண்டியைக் காணோம். எங்களோடு ஓட யாரும் இல்லை என்பதையாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

"லேட்டு போலிருக்குது. இப்ப வந்துடும்" என்றேன். மூவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் தள்ளி நின்று, வண்டி வரும் திசையைப் பொறுப்போடு பார்த்தேன்.

பக்கத்துப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். "பண்ருட்டி வண்டிக்குத்தானே சார்?"

"ஆமாங்க. வந்துடும்."

பேச்சு வளர்ந்தது. அவருக்குத் திண்டிவனத்தில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். வழக்கமாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார். அந்த வாரம் வேலை இழுத்துவிட்டது.

"திண்டிவனத்துலயிருந்தும் விடிகாலையில நேரா ஒரு வண்டி இருக்குது சார். ஆனா அதுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கணும். யாரால முடியும்? இங்க வந்து மாறிக்கலாம்னு தூங்கிட்டேன்."

பத்து மாதமாக நான் தேடிய மனிதர் இவர்தான் என்று தோன்றியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். என் நோட்டைப் பற்றிச் சொன்னேன். படிக்கட்டுக்கு நேராக நிற்கும் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத செருப்புக் கதையைக்கூடச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த உற்சாகத்தில் குரலைத் தாழ்த்தி, "அதோ பாருங்க, வெள்ளை வேட்டி. அவர்தான் எங்க மாமனாரு. நேத்துல இருந்து நேர் வண்டி நேர் வண்டினு உயிரை எடுக்கறாரு. டைம் டேபிள்னா இன்னான்னே தெரியாது" என்றேன்.

"எங்க வீட்டுலயும் இன்னிக்கி இதே கூத்துதான் சார். பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வராங்க. எங்கம்மா மூணு நாளா ஒட்டடை அடிக்கறாங்க. வரப்போற மாமனாரு ரொம்ப கறாரான ஆளாம். கீழ்பென்னாத்தூராம்."

நான் மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளை வேட்டியைப் பார்த்தார். கையிலிருந்த பேப்பரைச் சத்தமில்லாமல் மடித்தார். ஸ்டூடியோவில் கோட்டு மாட்டி எடுத்த போட்டோவை மட்டும் பார்த்திருந்த என்னால், கட்டம் போட்ட சட்டையில் இருந்த மனிதரை அதுவரை அடையாளம் காண முடியவில்லை.

"சார், நான் சொன்னது எதையும் அவருகிட்ட..." என்றார்.

"நானும்தாங்க" என்றேன்.

இருவரும் இந்த உடன்படிக்கைக்கு வந்த அதே நேரத்தில், பிளாட்பாரத்தில் கொடியைச் சுருட்டிக்கொண்டு போன ஊழியர் ஒருவர் எங்கள் எல்லோரையும் பார்த்து நின்றார்.

"யாருக்காக உக்காந்திருக்கீங்க?"

"எட்டரை பண்ருட்டி வண்டிங்க" என்றார் மாமனார்.

"ஞாயித்துக்கெழமை அந்த வண்டி கெடையாதே. போர்டுலயே போட்டிருக்குதே, பாக்கலியா?"

என் வாழ்நாளில் ஞாயிற்றுக்கிழமை நான் பண்ருட்டிக்குப் போனதில்லை. எனக்கு எப்படித் தெரியும்? இந்த நியாயத்தை யாரிடம் சொல்வது? மாமனார் என்னைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பித் தண்டவாளத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குள் என் மனைவி எழுந்து என்னிடம் வந்தாள். "ஏங்க, உங்ககூட இருக்கறவரு போட்டோவுல பாத்தவரு மாதிரி இல்லே?" என்று கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுப்பு வகுப்பறையின் கடைசிப் பெஞ்சு வரை கேட்கும். மாமனாரும் அத்தையும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அந்த இளைஞர் எழுந்து கும்பிட்டார். வேறு வழியில்லை.

மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எப்பிடி இங்க?"

"அந்த எட்டரை வண்டிக்குத்தாங்க வந்தேன்."

"நேரா ஒரு வண்டி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. எழுந்திருக்க முடியலே."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நானாக இருந்தால் ஒரு நோட்டையே எடுத்துக் காட்டியிருப்பேன்.

பிறகு அவர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் நிலையத்தில் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறி, அத்தைக்கும் என் மனைவிக்கும் இடம் பிடித்தார். பஸ் கிளம்பி அரை மணி நேரத்தில் என் வயிறு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. அவர் எனக்கு ஜன்னல் ஓரம் வாங்கிக் கொடுத்து, நடுவில் பஸ் நின்ற இடத்தில் இறங்கி ஓடி ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, நகத்தால் கீறி என் மூக்கருகே பிடித்தார். ஒரு கையில் தாம்பாளம், மறு கையில் எலுமிச்சம்பழம். என் மானத்தைக் காப்பாற்ற மூன்றாவது கை அவருக்கு இல்லை. பண்ருட்டிக்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே நான் தலையை நீட்டவேண்டியதாயிற்று.

பதினோரு மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்ற காட்சியை, பையனின் அம்மா பல வருடங்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டாரை வரவேற்கக் கோலம் போட்டுக் காத்திருக்கிறார். சொந்த மகன் பெண் வீட்டுத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு முன்பின் தெரியாத ஆளைத் தோளில் சாய்த்தபடி வருகிறான். "யாருக்குப்பா ஒடம்பு சரியில்லே?" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பு. வீட்டைப் பார்த்து முடிக்கும் வரை நான் உள்ளறையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். மற்றவர்களுக்குக் கொடுத்த முந்திரிப் பக்கோடாவின் வாசனை மட்டும் எனக்கு வந்தது.

மாலை வண்டியில் எல்லோரும் திருவண்ணாமலை திரும்பினோம். மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூருக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்ட என் மனைவிதான் அங்கே நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாமனார் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்: "பையன் நல்லவன்தான். ஆனா வண்டி மாறிப் போற மாப்ளே வீட்டுக்கு ஒருத்தர் போதும்னு பாக்கறேன்."

உள்ளே இருந்து மச்சினி வந்திருக்கிறாள். "தாம்பாளத்தையும் தூக்கி, மாமாவுக்கு எலுமிச்சம்பழமும் வாங்கிக் குடுத்தாருன்னு அம்மா சொல்லுச்சு. நெசமாப்பா?"

"ஆமா."

"அப்பறம் இன்னா யோசனை? நாலு மணிக்கு எழுப்பி உடாத வீடா இருந்தா எனக்குப் போதும்."

தை மாதத்தில் பண்ருட்டியில் கல்யாணம் நடந்தது. நான் முதல் நாளே போய்விட்டேன். நேர் வண்டியில்.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வெட்கப்பட்டு நேர் வண்டிக்கு மாறியிருந்தேன். நாலு மணிக்கு என் மனைவி எழுப்பினாள். எழுப்புவதில் அவள் காட்டிய ஆர்வம் சந்தேகத்துக்குரியது. அப்படி மாறிய முதல் நாள் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த ஸ்டேஷன் தண்டரை தாண்டியதுதான் தெரியும். கண் விழித்தபோது ஒருவர் பெட்டியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கடலூர். பண்ருட்டியில் என்னை எழுப்பப் பார்த்ததாகவும், "இன்னும் அஞ்சு நிமிசம்" என்று நான் சொன்னதாகவும் அந்த வண்டியில் தினமும் வரும் நர்ஸ் அம்மா பிறகு சொன்னார். திரும்பி அலுவலகம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதிகாரி கேட்டார். இந்த முறை உள்ளது உள்ளபடி சொன்னேன். அவர் நம்பவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எனக்குத் திருவண்ணாமலைக்கே மாற்றல் கிடைத்தது. அலுவலகம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நேராகப் போனால் மார்க்கெட் நெரிசல், சந்து வழியாகச் சுற்றிப் போனால் சீக்கிரம் போகலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே சிவப்பு மை இல்லாத வாரம் அபூர்வம்.