காலை எடுத்தால்தான் ஓடும் வைப்பர்

குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் விற்பவர் அல்ல. ஊரிலுள்ள லிஃப்டுகளைச் சோதித்து 'இது ஓடலாம்', 'இது ஓடக்கூடாது' என்று எழுதிக்கொடுக்கிற இன்ஸ்பெக்டர். 'ஓடக்கூடாது' என்று எழுதுவதில் அவருக்குத் தனி ருசி. கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தால் போதும், பூட்டுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். மேல்மாடிக்காரர்கள் மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டே அவரைத் திட்டுவார்கள். அதை அவர் வாழ்த்தாகவே எடுத்துக்கொள்வார்.

மனைவி ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். இருவரும் முதலில் பார்த்துக்கொண்டதே ஒரு லிஃப்ட் வாசலில்தான். அவள் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் பூட்டும் கையுமாக மறித்து நின்றார். அன்றைக்கு அவள் விட்ட டோஸை ஆஸ்பத்திரியே நின்று வேடிக்கை பார்த்தது. அவர் மட்டும், இத்தனை கோபத்திலும் ஒரு கையால் ஸ்ட்ரெச்சர் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டே திட்டுகிறாளே என்று சொக்கிப்போனார்.

கல்யாணம் ஆன கொஞ்ச காலத்தில், ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவரிடமிருந்து அவள் ஒரு பழைய கார் வாங்கினாள். இவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே தெருவில் ஓடிய கார். புறா நிறம், ஆமை முதுகு, வட்ட வட்டமாக இரண்டு விளக்கு. ஓட்டுவது அவள், துடைப்பது, மெழுகு போடுவது, அடுத்தவர் சாய்ந்து நின்றால் முறைப்பது எல்லாம் அவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும், இது போதும் என்று இறங்கி வந்துவிட்டவர்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மழை வரும் வரைக்கும்.

அந்தக் காரின் வைப்பர் மின்சாரத்தில் ஓடுவதில்லை. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கிறதல்லவா, அந்த உறிஞ்சலில் கொஞ்சத்தை ஒரு ரப்பர் குழாய் வழியாக வாங்கிக்கொண்டு ஓடுவது. வேக்குவம் வைப்பர் என்பார்கள். அதில்தான் வில்லங்கம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறைந்து, வைப்பர் பாதிக் கண்ணாடியிலேயே படுத்துவிடும். காலை எடுத்தால் பேய் பிடித்தாற்போல் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ளும். ஆக, வேகமாகப் போகும்போது ரோடு தெரியாது. சும்மா நிற்கும்போது பளிச்சென்று தெரியும்.

"ஓட்டுறவ நான். ரோட்டைப் பாக்க வேண்டியவ நான். எலெக்ட்ரிக் வைப்பர் போட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?" என்று அவள் ஒவ்வொரு மழைக்கும் கேட்பாள்.

"காரைச் செஞ்சவன் யோசிக்காமலா வெச்சிருப்பான்? ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கும்மா. அது போச்சுன்னா இது பழைய கார் இல்ல, பழசாப்போன கார்."

இந்தப் பேச்சில் அவர் ஒற்றைக்காலில் நின்றார். பழைய கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் சங்கத்தில் அவருக்கு இதனால் நல்ல பெயர். 'ஒரு ஆணியைக்கூட மாத்தாத மனுஷன்' என்று செயலாளரே மெச்சினார். அவளுக்கு அந்தச் செயலாளரைக் கண்டாலே ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா வீட்டுக்குப் புறப்பட்டார்கள். நடுவில் நீளமான ஏற்றம். சரியாக அதில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. மிதித்தால்தான் கார் ஏறும். மிதித்தால் வைப்பர் ஏறாது. முன்னால் ஒரு லாரி வேறு சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. "காலை எடு, காலை எடு" என்றார் இவர். "காலை எடுத்தா பின்னால போவோம், பரவாயில்லையா?" என்றாள் அவள். கடைசியில் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டே மேடு முழுக்க ஓட்டினாள்.

கதவைத் திறந்த அக்கா தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு பக்கம் தலைமுடி சொட்டச் சொட்ட ஒட்டிக்கிடந்தது. மறுபக்கம் வாரியது வாரியபடியே இருந்தது.

"என்னடி இது, பாதி மழையாவா பெய்யுது?"

"உன் வீட்டு மாப்பிள்ளையைக் கேளு. ஒரிஜினல் மழை."

மறுநாளே கார் பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரருக்குப் 'பண்ணிடலாம்' என்றே பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். வைப்பரைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் நியாயமாகவே சொன்னார்.

"சார், ரெண்டு வழி இருக்கு. பழசையே வெச்சுக்கிட்டு உள்ள இருக்கற தோலையும் குழாயையும் மாத்தினா கொஞ்சம் தேறும். ஆனா மேட்டுல படுக்கறது படுக்கத்தான் செய்யும், அது பொறவிக் குணம். எலெக்ட்ரிக்னா ஒரே சீரா ஓடும். இந்த டைனமோ அதைத் தாங்கும், நான் பாத்துட்டேன். எது பண்ணலாம்?"

"பழசு," என்றார் அவர்.

"புதுசு," என்றாள் அவள்.

"பண்ணிடலாம்," என்றார் பட்டறைக்காரர், அவளைப் பார்த்து. யார் ஓட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எலெக்ட்ரிக் வைப்பருக்கு வாய்த்த முதல் மழை, சாயங்காலம் அவரை ஆபீஸிலிருந்து அழைத்துவரும்போது வந்தது. அவள் ஸ்விட்சைத் தட்டினாள். சளைக்காமல், சுணங்காமல், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வழித்துத் தள்ளியது வைப்பர். "அடடா!" என்றாள் அவள். பிறகு மிதித்தாள்.

அந்த மிதியில்தான் லிஃப்ட்காரருக்கு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாக மழையில் அவள் காலைப் பிடித்து வைத்திருந்தது அந்த வேக்குவம்தான். இப்போது அது இல்லை. ஆமை முதுகுக் கார் பஸ்ஸைத் தாண்டியது. பஸ்ஸுக்கு முன்னால் போன வேனையும் தாண்டியது. வளைவில் அவருடைய டிபன் டப்பா மடியிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து காலடிக்கும் போனது. எல்லாமே கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிந்து தொலைத்தது. இல்லாத பிரேக்கைத் தன் பக்கத்துத் தரையில் மிதித்து மிதித்து, வீடு வந்து சேர்வதற்குள் அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.

அடுத்த நாள் மதியம் ஆபீஸுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்.

"அந்தப் பழைய வைப்பர் மோட்டாரைத் தூக்கிப் போட்டுடலையே? அதையே திருப்பிப் போட்டுடுங்க. சங்கத்துல பேசறாங்க. ஒரிஜினல் போச்சுன்னு..."

"பண்ணிடலாம் சார்," என்றார் பட்டறைக்காரர். சொல்லிவிட்டு, உள்ளே போய் அவளுக்கு போன் போட்டார்.

நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள் ஆம்புலன்ஸோடு அப்படியே வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். யாருக்கு என்ன ஆச்சோ என்று பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஸ்டூலில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரரைப் பார்த்ததும் இவருக்குத்தான் என்று முடிவு கட்டி, ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"அந்தச் செயலாளருக்குப் பயந்துக்கிட்டா நான் குருடி மாதிரி ஓட்டணும்?" என்றாள் அவள்.

"செயலாளருக்கு யாரு பயந்தா?" சோடாவைக் கீழே வைத்தார். "உனக்குத்தான் பயப்படறேன். நீ மழையில ஓட்டுற ஓட்டு எனக்கு ஆகலை. பழைய வைப்பர் இருந்தா நீ காலை எடுத்துத்தான் ஆகணும். அதுக்காகத்தான்."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்ததில் எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"இத்தனை வருஷமா ஒரிஜினல் ஒரிஜினல்னு உயிரை எடுத்தீங்களே! நேத்து மெதுவாப் போன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

அவள் உண்மையாகவே கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

பட்டறைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த அந்தப் பழைய மோட்டாரை எடுத்து, சாண் போட்டு அளந்தார். "உங்க கார்ல ரெண்டு வைப்பருக்கும் நடுவுல ஒரு கம்பிதான் இருக்கு. அதைக் கழட்டிட்டா அதது தனித்தனி. மேடம் பக்கம் எலெக்ட்ரிக், சார் பக்கம் வேக்குவம். பண்ணிடலாமா?"

பண்ணிவிட்டார்கள். அந்த மாதம் சங்கத்தில் செயலாளர் காரைச் சுற்றி இரண்டு தரம் வந்தார். ஒரு கண்ணாடியில் இரண்டு காலம் ஓடுவதைப் பார்த்து, இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் டீ குடிக்கப் போய்விட்டார். லிஃப்ட்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது மழை வந்தால் அவள் மிதிக்கிறாள். அவள் பக்கம் பளிச்சென்று இருக்கிறது. அவர் பக்கத்து வைப்பர் படுத்துக்கொள்கிறது. தண்ணீர் வழிகிற கண்ணாடியில் பஸ்ஸும் தெரிவதில்லை, வேனும் தெரிவதில்லை. தெரியாததற்கு எப்படிப் பயப்படுவது? டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். எப்போதாவது அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தால் அவள் ஓரக்கண்ணால் பார்த்து, சற்றே காலை எடுப்பாள். வைப்பர் துள்ளி எழுந்து இரண்டு வழி வழிக்கும்.

"பாத்துக்கிட்டீங்களா? ரோடு இருக்கு."

"இருக்கு, இருக்கு," என்பார் அவர். அவள் மறுபடி மிதிப்பாள்.