மேம்பாலத்தில் பேச்சு அறுபடாத கியர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்க்கும் சுகிர்தா, முப்பத்தாறு வயதில் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். முதலில் நீச்சல், பிறகு சைக்கிள், கடைசியில் ஓட்டம். ஒத்திகையில் சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் கல்லாகிவிட்டன. ஓடவேண்டியவள் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை போட்டியிலும் இப்படி நின்றுவிட்டால்?

"பின்னாடி முப்பத்திரண்டு பல்லு சக்கரம் போடு. மிதி லேசாயிடும், ஓடுறதுக்குக் காலு மிச்சமாவும்," என்றார் பொன்னேரி சைக்கிள் கடை பீட்டர்.

உடன் வேலை பார்க்கும் லோகு சிரித்தான். "அது மலை ஏறுறவனுக்கு, அக்கா. பொன்னேரில எங்க கீது மலை? இப்ப கீற இருபத்தஞ்சே போதும்."

லோகு போன வருடம் ஒருமுறை ஓடியவன். நம் ஊரில் ஆலோசனை சொல்ல அது போதும்; ஓடாதவர்களுக்கோ அதுகூட வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளுக்குக் கியரே கிடையாது, இந்தத் தொல்லையும் கிடையாது. அவளும் தோழி ஏஞ்சலும் ரோட்டை அடைத்தபடி ஜோடியாகப் போவார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தாலும் டீச்சர் புடவையைப் பற்றிய பேச்சு நிற்காது. ரயில்வே மேம்பாலம் வந்தால்தான் அறுபடும். பாதியில் நின்ற கதை உச்சிக்குப் போய்த்தான் மூச்சு விடும்.

ஏஞ்சல் இப்போது திருநின்றவூர் ஃபிளாட்டில் இருக்கிறாள். விடியற்காலையில் காதில் இயர்போனை மாட்டி, அவளோடு பேசிக்கொண்டே சுகிர்தா சைக்கிளில் அதே பாலம் ஏறினாள்.

"நாத்தனாரு... நேத்து... வந்து..."

"இன்னாடி, டவர் இல்லியா?"

"கால்... இல்லடி."

மறுநாள் பீட்டரிடம் முப்பத்திரண்டு பல் சக்கரத்தை இரவல் வாங்கி ஏறினாள். கால்கள் விறுவிறுவென்று சுற்றின, வண்டி நிதானமாகப் போனது. நாத்தனார் வந்தது, கறிக்குழம்பைக் குறை சொன்னது, பாத்திரத்தோடு தூக்கிப்போனது, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"எங்கடி கீற?"

"பாலத்து உச்சில. பெரிய பல்லு சக்கரம் போட்டுக்கீறேன்."

"அப்பவே இத குடுத்திருந்தா எத்தினி கதை பேசிக்கினு போயிருப்போம்," என்றாள் ஏஞ்சல்.

சுகிர்தா அந்தச் சக்கரத்தைக் கழற்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லோகு அவளைத் தாண்டிப் போனான், இன்னும் பலரும் போனார்கள். அவள் இறங்கியபோது சைக்கிள் நிறுத்துமிடமே நிறைந்திருந்தது. காலை ஊன்றினாள். மடங்கியது, நீண்டது, ஓடியது.

ரயிலேறி வந்திருந்த ஏஞ்சல் செருப்போடு வேலியோரமாகக் கூடவே ஓடினாள்.

"அப்புறம்... இன்னாதான்டி... ஆச்சு?"

"பாத்திரம் திரும்பி வந்துச்சி, கழுவாம," என்றாள் சுகிர்தா, ஓடிக்கொண்டே.